பனியன் யார் வாங்கித் தந்தது?

பம்பாயில் ஓர் அணியின் கதை தெரிய வேண்டுமானால் அது ஜெயித்த கோப்பைகளை எண்ணிப் பிரயோசனமில்லை. பனியன் யார் வாங்கித் தந்தது, ஆடிய நிலம் யாருடையது, இந்த இரண்டையும் கேட்டால் போதும். அணி ஏன் பிறந்தது, ஏன் ஒருநாள் சத்தமில்லாமல் காணாமல் போனது என்பதெல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் ஸ்கோரர். ஆடத் தெரியாது, கூட்டத் தெரியும். தாராவியில் பிறந்து, மாட்டுங்கா மைதானங்களில் ஸ்கோர் எழுதப் பழகி, செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைதான ஓரத்தில் மடக்கு மேஜை போட்டு உட்காருகிறவன் காதில் ஆட்டத்தைவிட மற்ற சங்கதிகள்தான் அதிகம் விழும்.

முதலில் ஓர் அயலூர்க் கதை. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், கிரீன் பே என்று ஒரு நடுத்தர நகரம். ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். தாராவி அதைவிடப் பல மடங்கு. 1919ல் கர்லி லாம்போ என்ற வாலிபர் தான் குமாஸ்தாவாக இருந்த இறைச்சி டப்பா கம்பெனியிடம் போய் அணிக்குச் சட்டை தைக்க 500 டாலர் கேட்டார். கம்பெனியின் பெயர் இந்தியன் பேக்கிங் கம்பெனி. (நம் தேசத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) கொடுத்தார்கள். இரண்டொரு வருடத்தில் கம்பெனி கைமாறி மறைந்தது. அணி மறையவில்லை. 1923ல் ஊர்க்காரர்களே பங்கு வாங்கி அதைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். கிரீன் பே பேக்கர்ஸ் என்று இன்றும் அந்தப் பழைய கம்பெனியின் தொழிலைப் பெயரில் சுமந்துகொண்டு, அமெரிக்கக் கால்பந்தின் உச்ச வரிசையில் ஆடுகிறது. பம்பாயில் இப்படி ஓர் அணியை நான் பார்த்ததில்லை. இங்கே பனியன் கொடுத்தவர் கையை விரித்தால் அணியும் கலைந்துவிடும்.

தெற்கு பம்பாயில் முதலில் பனியன் கொடுத்தது மதம். ஐரோப்பியர்களும் பார்சிகளும் ஆடிக்கொண்டிருந்த கிரிக்கெட் போட்டியில் 1907ல் இந்துக்கள் சேர்ந்தார்கள், 1912ல் முஸ்லிம்கள். மிச்சமிருப்பவர்களை என்ன செய்வதென்று யோசித்து, 1937ல் 'மற்றவர்கள்' என்றே பெயர் வைத்து ஐந்தாவதாக ஓர் அணி கட்டினார்கள். கிறிஸ்தவரான விஜய் ஹசாரே அந்த மற்றவர்களில் ஒருவர். 1943-44 இறுதி ஆட்டத்தில் அணி எடுத்த 387ல் 309 அவருடையது. ஸ்கோரர் கண்ணுக்கு அதைவிட அழகான பக்கம் கிடையாது. மதத்துக்குள் சாதியும் இருந்தது. இந்துக்களுக்காக விக்கெட் விக்கெட்டாக எடுத்துக் கொடுத்த பல்வங்கர் பாலுவுக்கு, பூனாவில் ஆடிய காலத்தில், பெவிலியனுக்கு வெளியே மண்குவளையில்தான் தேநீர். அவருடைய தம்பி விட்டல் 1923ல் இந்துக்கள் அணிக்குத் தலைவராவதற்குள் எத்தனையோ சண்டை நடந்துவிட்டது. எங்கள் தெருவில் அம்பேத்கர் படம் இல்லாத வீடு கிடையாது. அதனால், 1937 தேர்தலில் பாபாசாகேபை எதிர்த்து நின்று தோற்றவர் என்றுதான் எங்கள் பெரியவர்களுக்குப் பாலுவைத் தெரியும். அவர் பந்து வீசுவார் என்பதை நான் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1946ல் அந்த மதப் போட்டி நின்றது. நின்றது நல்லதுக்குத்தான். ஆனால் அதற்கு முன்பே வடக்கே, மாட்டுங்காவில், வேறு மாதிரி அணிகள் முளைத்துவிட்டன.

மாட்டுங்கா அணிகளுக்கு மூலகாரணம் கொள்ளைநோய். 1896ல் பம்பாயைப் பிளேக் பிடித்து உலுக்கியது. 1898ல் வெள்ளைக்காரன் அரசாங்கம் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்றை ஏற்படுத்தி, நெரிசலில் சாகிற ஜனத்தை வடக்கே நகர்த்த நிலம் எடுத்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் எல்லாம் அப்படித் திட்டம் போட்டு அளந்து உண்டானவை. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று தெருக்களை அகலமாக விட்டார்கள், வட்டமாகத் தோட்டம் வைத்தார்கள், நடுநடுவே காலி நிலம் விட்டார்கள். அந்தக் காலி நிலம்தான் பிறகு மைதானமாயிற்று. குடியேற வந்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். சுருக்கெழுத்தும் டைப்பும் தெரிந்த தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலிப் பிள்ளைகள் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி வாடகைக்கு வந்தார்கள். 1932ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளி தொடங்கியது. 1940ல் கஃபே மெட்ராஸ், 1942ல் ராம நாயக்கின் உடுப்பிச் சாப்பாடு. 1937ல் ரூயா கல்லூரி, 1941ல் போதார் கல்லூரி. பள்ளி, கல்லூரி, சாப்பாடு, மைதானம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். கிரிக்கெட் வளர வேறென்ன வேண்டும்?

தட்கர் மைதானம் அங்கேதான். தாதர் யூனியன் என்ற கிளப் ஆடியது அங்கே. பெயரில் தாதர், மண் மாட்டுங்கா. மாதவ் மந்திரி, அவருடைய மருமான் சுனில் கவாஸ்கர், திலீப் வெங்சர்க்கர், சஞ்சய் மஞ்ச்ரேக்கர் என்று நான்கு தலைமுறை டெஸ்ட் ஆட்டக்காரர்கள் அந்த ஒரு கிளப்பின் பெயரில் ஆடினார்கள். பணக்கார கிளப் இல்லை. மெத்தை நாற்காலி, மதுக்கூடம் எதுவும் கிடையாது. ஒழுங்குதான் அவர்களுடைய சொத்து. மந்திரியின் கண்டிப்பைப் பற்றி மாட்டுங்காவில் சொல்லாத ஆள் இல்லை. நேரந்தவறி வந்தால் டெஸ்ட் ஆட்டக்காரனானாலும் ஓரமாக நிற்க வேண்டியதுதான், வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலைந்திருக்கக் கூடாது, அம்பயர் விரல் தூக்கினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. கவாஸ்கருக்கு 'சன்னி' என்று பேர் வைத்த வாசு பராஞ்சபே அந்த கிளப்பின் இன்னொரு தலைவர். மந்திரி எவ்வளவு கண்டிப்போ இவர் அவ்வளவு வேடிக்கைப் பேச்சு. எதிரி என்று சொல்ல சிவாஜி பார்க் ஜிம்கானா. அஜித் வடேகர் அந்தப் பக்கம். இந்த இரண்டு கிளப்பும் மோதினால் சில ரஞ்சி ஆட்டங்களுக்கு வராத கூட்டம் வரும்.

காங்கா லீக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அது நான் பிழைத்த இடம். 1948ல் விஜய் மெர்ச்சன்ட் முன்னின்று தொடங்கியது. டாக்டர் காங்கா என்ற பழைய பார்சி ஆட்டக்காரர் பெயரில். உலகத்தில் எந்தப் புத்திசாலியும் மழைக்காலத்தில் கிரிக்கெட் ஆட மாட்டான். பம்பாயில் மழைக்காலத்துக்கென்றே லீக் வைத்தார்கள். அப்போதெல்லாம் ஜூலையில் தொடங்கும். ஆடுகளத்தை மூட மாட்டார்கள். வெளிமைதானத்தில் புல்லை வெட்ட மாட்டார்கள். தரையோடு அடித்த பந்து பத்தடி போய்ப் புல்லில் படுத்துவிடும். ரன் வேண்டுமென்றால் தூக்கித்தான் அடிக்க வேண்டும். பந்து ஒரு தடவை முழங்காலுக்குக் கீழே போகும், அடுத்த தடவை தாடைக்கு வரும். இருபது ரன் எடுத்தவனை ஊரே பாராட்டும். அந்தச் சேற்றில் நின்று பழகியவன் எந்த நாட்டு ஆடுகளத்தையும் கண்டு மிரள மாட்டான் என்பது பம்பாய்க்காரர்களின் உறுதியான நம்பிக்கை. பாதி உண்மை என்பேன். மீதிப் பாதி, அந்தச் சேற்றில் கால் பிசகி ஆட்டத்தையே விட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

ஸ்கோரருக்குக் காங்கா லீக் தனிச் சோதனை. மேலே தார்ப்பாய் ஒழுகும். பேனா ஆகாது, மை ஓடிவிடும், பென்சில்தான். ஈரக் காகிதத்தில் அழுத்தி எழுதினால் கிழியும், அழுத்தாவிட்டால் தெரியாது. ஓவருக்கு ஓவர் எதிரணி ஸ்கோரரிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மராத்திப் பையன்கள் பேர் சொல்லாமல் ஓடிப்போவார்கள். தெற்கத்தி ஆளாக இருந்தால் அவனுடன் ஆடுகிறவர்களுக்கே அவன் முழுப்பெயர் தெரியாது. எல்லோரும் 'அண்ணா'தான். ஒரே அணியில் இரண்டு அண்ணா இருந்தால் பெரிய அண்ணா, சின்ன அண்ணா. நான் புத்தகத்தில் முதலெழுத்தோடு முழுப்பெயரை எழுதி வைப்பேன். என் பிடிவாதம் அது.

யாருக்குக் கைதட்டுவது என்ற சங்கடமும் எங்களுக்கு இருந்தது. 1973 ரஞ்சி இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் சுழற்றி பம்பாயை 151க்கும் 113க்கும் சுருட்டினார்கள். தாராவியில் முடிதிருத்தும் கடை ரேடியோவைச் சுற்றி நின்றுகொண்டிருந்த நாங்கள் தமிழ்நாடு ஜெயித்துவிட்டது என்றே நினைத்தோம். பத்மாகர் சிவால்கர் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டோம். முதல் தடவை 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாம் தடவை 18க்கு 5. தமிழ்நாடு 80, 61. மூன்றாம் நாள் முதல் பந்தில் ஆட்டம் முடிந்தது. பம்பாய்க்கு அது தொடர்ந்து பதினைந்தாவது கோப்பை. கடையில் பாதிப் பேர் முகம் தொங்கிப்போனது. பாதிப் பேர் சிவால்கர் நம்ம ஆள் என்றார்கள். இரண்டு பாதியும் தமிழ்தான் பேசியது. அந்த சிவால்கர் ஒரு டெஸ்ட்கூட ஆடாமலே போய்ச் சேர்ந்தார் என்பது வேறு துக்கம்.

மாட்டுங்கா என்றாலே கிரிக்கெட் என்று நினைக்க வேண்டாம். கூடைப்பந்துக்கு மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானா பேர்போனது. கிரிக்கெட்டுக்கு வேண்டிய நிலத்தில் பத்துக் கூடைப்பந்து ஆடுகளம் போடலாம். நிலம் சுருங்கச் சுருங்க இந்த ஆட்டம் பிழைத்துக்கொண்டது அதனால்தான். இதிலும் ஓர் அமெரிக்க நடுத்தர நகரம் உண்டு. 1891ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்களைக் கட்டிப்போட ஒரு வழியாகப் பழக்கூடையை உயரத்தில் மாட்டிக் கண்டுபிடித்தது கூடைப்பந்து. அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற டிரில் மாஸ்டர்கள் இந்தியா முழுக்கப் பரவினார்கள். பம்பாய் நாக்பாடாவில் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற இன்னோர் அமெரிக்கர் 1927ல் சமூக நிலையம் ஒன்றைத் திறந்தார். அந்தப் பேட்டையிலும் கூடைப்பந்து வேர் பிடித்தது. நாக்பாடா முஸ்லிம் பையன்களுக்கும் மாட்டுங்கா மதராசிப் பையன்களுக்கும் பொதுவாக இருந்த ஒரே சொத்து அந்த வளையம்தான்.

கால்பந்தில் மாட்டுங்காவின் பெருமை எஸ்.எஸ். நாராயண். ஒத்தப்பாலத்துக்காரர், கோல்கீப்பர். மாட்டுங்காவில் ஆடத் தொடங்கி, கால்டெக்ஸ், டாட்டா என்று கம்பெனி அணிகளுக்குப் போனார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்ததே, அந்த அணியில் பீட்டர் தங்கராஜோடு இருந்த இன்னொரு கோல்கீப்பர் இவர்தான். 1960 ரோமுக்கும் போனார். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்ட நெவில் டிசோசாவும் பம்பாய்க்காரர். 1958ல் ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கியது கால்டெக்ஸ், ஒரு பெட்ரோல் கம்பெனி. கல்கத்தா கிளப்புகளின் ரசிகர்களுக்கு இது ஜீரணமாகாத விஷயம்.

இப்படியாக மதத்தின் கையிலிருந்த பனியன் கம்பெனியின் கைக்கு வந்தது. டைம்ஸ் ஷீல்டு என்ற அலுவலகப் போட்டியில் ஏ.சி.சி. சிமெண்ட் அணியைப் பார்த்தால் இந்திய அணி மாதிரி இருக்கும்: உம்ரிகர், நட்கர்னி. மஃபத்லாலில் சோல்கர், அசோக் மன்கட். நிர்லானில் கவாஸ்கர், சந்தீப் பாட்டீல், ரவி சாஸ்திரி. சாஸ்திரி எங்கள் மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளிப் பையன். 1977ல் அவர் தலைமையில்தான் அந்தப் பள்ளி முதன்முதலாகப் பள்ளிகளுக்கான ஜைல்ஸ் ஷீல்டை வாங்கியது. ஆட்டக்காரனுக்குக் கம்பெனி வேலை என்றால் காலையில் கையெழுத்து, மதியம் வலைப்பயிற்சி, மாதக் கடைசியில் சம்பளம், அறுபது வயதில் ஓய்வூதியம். ஆட்டம் இரண்டாம் பட்சம், வேலைதான் பரிசு. அதனால்தான் 1966ல் மராத்தியருக்கே வேலை என்று சிவசேனை தோன்றி, 'மார்மிக்' பத்திரிகையில் கம்பெனி அதிகாரிகளின் தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் பட்டியலாகப் போட்டபோது மைதானத்திலும் அதன் சூடு தெரிந்தது. பம்பாயில் வேலையும் அணியும் ஒன்றாகவே இருந்தன. ஒன்றைத் தொட்டால் மற்றது சுடும். உடுப்பி ஓட்டல்கள்மீது கல் விழுந்த அந்த வருடங்களில் மைதானத்துக்கு வராதே என்று எந்த மராத்தி ஆட்டக்காரரும் தமிழ்ப் பையனிடம் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதே சமயம் வேலைக்குச் சிபாரிசு என்று வந்தால் கதை வேறு.

தாராவிக்கு வருவோம். இங்கே டிரஸ்ட் வரவில்லை, அளக்கவில்லை, காலி நிலம் விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் சதுப்பு நிலத்தில் மண் கொட்டித் தாங்களே உண்டாக்கிக்கொண்ட இடம். என் அப்பா அந்தத் தொட்டிகளில் வேலை பார்த்தவர். மைதானம் இல்லாத ஊரில் அணி எப்படி வரும்? ஊர்ப் பெயரில் வந்தது. ஒரே கிராமத்து ஜனம் ஒரே சந்தில் குடியிருக்கும், சந்துதான் அணி. பனியன் வாங்கப் பணம் ஊர்ச் சங்கத்துச் சீட்டிலிருந்து. துணி வாங்கிக் கொடுத்தால் போதும், தைப்பதற்குப் பட்டறை எங்கள் தெருவிலேயே உண்டு. பம்பாயில் வேறெந்த அணிக்கும் இந்த வசதி கிடையாது.

சந்துக்குத் தக்க சட்டம். தோளுக்கு மேல் கை தூக்கி வீசக் கூடாது. தகரக் கூரையில் பந்து விழுந்தால் அவுட். சாக்கடையில் விழுந்தால் எடுக்கிறவன் வீசிய அணிக்காரன். குறிப்பிட்ட ஒரு ஆச்சி வீட்டு வாசலில் விழுந்தால் ஆட்டமே முடிந்தது, பந்து திரும்பி வராது. டென்னிஸ் பந்துதான். பொங்கலுக்கு விளக்குக் கட்டி ராத்திரி ஆட்டம். "ஏலே, ஒத்த ஒத்தையா எடு மக்கா, கூரையப் பாத்து அடிக்காத" என்று கத்துவார்கள். தட்கர் மைதானத்துப் பையன் தூக்கி அடிக்கக் கற்றுக்கொண்டான், எங்கள் பையன் தட்டிவிட்டு ஓடக் கற்றுக்கொண்டான். இரண்டுமே நிலம் சொல்லிக்கொடுத்த பாடம். சடுகுடுவும் நடக்கும். பரேல், லால்பாக் மில் அணிகளோடு மோதப் போவார்கள். அவர்கள் கபடி ஆட்டத்தின் ராஜாக்கள். அந்த மில் அணிகள் 1982 ஜனவரி 18ல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தோடு போயின. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். பெரும்பாலோர் திரும்ப உள்ளே போகவேயில்லை. மில் இல்லை, மில் பனியனும் இல்லை.

1992-93 கலவரத்தில் தாராவி எரிந்தது. பிறகு வந்த மொகல்லா கமிட்டிகள் என்ற பேட்டை அமைதிக் குழுக்கள் செய்த காரியங்களில் ஒன்று, இரண்டு மதத்துப் பையன்களையும் போலீஸ்காரர்களையும் கலந்து கிரிக்கெட் ஆட வைத்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் மதத்துக்கு ஓர் அணி என்று மோதிய அதே நகரத்தில், நூற்றாண்டின் கடைசியில் ஓர் அணிக்குள் மதங்களைக் கலக்க வேண்டியிருந்தது. தாராவிக்கென்று ராஜீவ் காந்தி பெயரில் விளையாட்டு வளாகம் வந்தது அதற்கெல்லாம் பிறகு. கோவிட் காலத்தில் அதையும் தனிமைப்படுத்தும் முகாமாக்கினார்கள்.

செம்பூரில் பனியன் கொடுத்தது முழுக்க முழுக்கத் தொழிற்சாலை. 1954, 55ல் மாகுலில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். 1954லேயே டிராம்பேயில் அணுசக்தி நிலையம். 1965ல் உரத் தொழிற்சாலை, அதுவே 1978ல் ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்ட்டிலைசர்ஸ், எங்களுக்கு ஆர்.சி.எஃப். ஒவ்வொன்றுக்கும் குடியிருப்பு, பள்ளி, மைதானம். மாட்டுங்காவில் வாடகை கட்ட முடியாத தமிழர்களும் ஓய்வு பெற்றவர்களும் செம்பூருக்கு நகர்ந்தார்கள். அந்த மைதானங்களில் புல் வெட்டியிருக்கும், கோடு போட்டிருக்கும், குழாயில் தண்ணீர் வரும். தாராவிப் பையனுக்கு அது சொர்க்கம்.

ஆர்.சி.எஃப்.பில் ஹாக்கி ஆடியவர் ரமேஷ் பிள்ளை. பூனா அருகே கடக்கியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்க் குடும்பம். ஐந்து பையன்கள், உடைந்த ஹாக்கி மட்டையைக் கயிறும் பசையும் போட்டு ஒட்டி ஆடியவர்கள். 1980களின் நடுவில் ரமேஷ் தன் தம்பியைப் பம்பாய்க்குக் கூட்டிவந்தார். தம்பி தன்ராஜ். இங்கே லீக் ஆடி, மஹிந்திரா அணிக்குப் போய், ஜோக்கிம் கார்வாலோவிடம் பயிற்சி பெற்று, 1989ல் இந்திய அணி. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் தங்கம். என்னைக் கேட்டால், அதற்கு விதை போட்டது அண்ணனுடைய உரக் கம்பெனி வேலை. அண்ணன் தலைக்கு மேல் ஒரு கூரை இல்லாமல் இருந்திருந்தால் தம்பி கடக்கியிலேயே நின்றிருப்பான். தன்ராஜ் பேட்டியில் கோபமாகப் பேசுகிறார் என்று பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பசை போட்ட மட்டைதான் நினைவுக்கு வரும். கோபம் நியாயம்தான்.

கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கால்டெக்ஸ் 1976ல் அரசாங்கத்தின் கைக்குப் போய், 1978ல் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் கரைந்தது. நிர்லான் நூல் செய்த கோரேகாவ் இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் அலுவலகங்கள். 1962லிருந்து கால்பந்து ஆடிய மஹிந்திரா, 2006ல் தேசிய லீக்கை ஜெயித்தது. நான்கே வருடத்தில், 2010ல், அணியைக் கலைத்தது. தோற்றதற்காகக் கலைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கால்பந்துக்குப் பணம் போடப் போகிறோம் என்றார்கள். கூப்பரேஜ் மைதானத்தில் வழக்கமாக உட்காரும் ஒரு கிழவர், "ஜெயிச்சா மூடுறான், தோத்தா என்ன செய்வான்?" என்று கேட்டார். பதில் சொல்ல யாரும் இல்லை. வேலையும் ஓய்வூதியமும் கொடுத்த இடத்தில் ஒப்பந்தம் வந்தது.

இப்போது பனியன் கொடுப்பவர் ஏலத்தில் வருகிறார். 2008ல் ஐபிஎல் கிரிக்கெட்டுக்கு மும்பை இந்தியன்ஸ், 2014ல் கபடிக்கு யூ மும்பா, அதே வருடம் கால்பந்துக்கு மும்பை சிட்டி. ஊர்ப் பெயர் முதன்முதலாகப் பனியனில் ஏறியது இந்த அணிகளில்தான் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். செம்பூரில் பிறந்து, மாட்டுங்கா டான் பாஸ்கோவிலும் போதாரிலும் படித்து, சிவாஜி பார்க்கில் பழகிய ஷ்ரேயஸ் ஐயரைவிட மும்பைக்காரன் யார்? திருச்சூரில் வேர் உள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவர் டெல்லிக்குத் தலைவராக இருந்தார், கொல்கத்தாவுக்குத் தலைவராகி 2024ல் கோப்பை, அடுத்த வருடம் பஞ்சாபுக்குத் தலைவராகி இறுதி ஆட்டம். மும்பை இந்தியன்ஸுக்கு ஒரு பந்துகூட ஆடியதில்லை. அணுசக்தி நகரில், பாபா அணு ஆராய்ச்சி மைய ஊழியரின் மகனாக வளர்ந்த சூர்யகுமார் யாதவ் மட்டும், நடுவில் சில வருடம் கொல்கத்தா போய்விட்டு, ஊர் அணிக்கே திரும்பினார்.

2024 டிசம்பர் 15, பெங்களூரு, சையது முஷ்டாக் அலி கோப்பையின் இறுதி ஆட்டம். மத்தியப் பிரதேசம் 174. மும்பை 17.5 ஓவரில் 180. சூர்யகுமார் 48, தலைவர் ஷ்ரேயஸ். பனியன் கொடுத்தது மும்பை கிரிக்கெட் சங்கம். அந்த அணிக்காக யாரும் யாரையும் ஏலத்தில் வாங்கவில்லை. டீக்கடையில் போனில் பார்த்துக்கொண்டிருந்த பையன், "அண்ணாச்சி, இது எந்த டீம்? ஐபிஎல்ல இல்லையே" என்றான். உங்க தாத்தா முடிவெட்டுற கடையில நின்னு ரேடியோவுல கேட்ட டீம்ல இது என்றேன். ஸ்கோர் எவ்வளவு என்று மட்டும் கேட்டான்.